நாகலெட்சுமி மதினிக்குக் குழாய் விட்ட நாள்

நாகலெட்சுமி மதினிக்கு அரைப்பேர் விழுந்த அன்றைக்கே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்ன கிலோவுக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்காதவர்களுக்குப் பாதி நாள் சம்பளம் மட்டும் போடுவார்கள், அதுதான் அரைப்பேர். முப்பது வருடமாக மலை ஏறுகிற மனுஷி அதை ஒரு நாளும் வாங்கியதில்லை. வாங்குகிறவர்களைக் கேலி பண்ணியே பழக்கப்பட்டவர். "கொழுந்து பறிக்க வந்தியா, கொழுந்தன் மொகத்தப் பாக்க வந்தியா" என்று அவர் கேட்டால் மலையே சிரிக்கும். அப்படிப்பட்டவர் அன்று சாயங்காலம் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதினி என் வீட்டுக்காரர் ஜெயகாந்தனுக்கு அக்கா. அவர்களுடைய அப்பா செத்தபோது மதினிக்கு வயது பதினேழு, தம்பிக்கு எட்டு. தம்பியை இவர்தான் வளர்த்தார். பிள்ளை இல்லை, புருஷனும் போய்ப் பத்து வருடம் ஆகிறது. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. ஆகவே எனக்கு மாமியார் இல்லாத குறையை ஒரு நாளும் தெரியவிடாமல் பார்த்துக்கொள்கிறார். நான் பிரியந்தினி, தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. மலைக்குப் போகிறவர்களின் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பொழுதுக்கும் பார்த்துக்கொள்கிறவளுக்குப் பொறுமை நிறைய இருக்கும் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும். இருந்த பொறுமையெல்லாம் அங்கேயே தீர்ந்துபோகிறது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே கக்கூஸ். அந்த வாரத்தில் ஒரு நாள் பைப்பில் தண்ணீர் வரவில்லை. மதினிக்குப் பிறகு நான் போனேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் கதை இல்லை. தார் மாதிரிக் கறுப்பாகக் கிடந்தது. மாமனாருக்கும் கடைசியில் அப்படித்தான் போனதாம், வயிற்றில் கட்டி. என் வீட்டுக்காரர் அதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

மதினியைக் கேட்டேன். நாலு மாதமாக இப்படித்தான் என்றார், ஏதோ மழை நிற்கவில்லை என்பதுபோல. சோறு இறங்குவதில்லை, நெஞ்சுக்குக் கீழே எரிகிறது, ஏற்றம் ஏறினால் கண் இருட்டுகிறது. எல்லாம் தெரிந்துகொண்டே மூடி வைத்திருந்தார். ஆஸ்பத்திரி என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வயிற்றைத் திறந்தார்கள், மூடினார்கள், மூன்று வாரத்தில் பெட்டியில் வந்தார். ஆஸ்பத்திரிதான் கொன்றது என்பது மதினியின் கட்சி. போக வேண்டிய காலத்தில் போயிருந்தால் பெட்டி வந்திருக்காது என்பது என் கட்சி. ஒரு மாதம் இரண்டு கட்சியும் மோதிக்கொண்டன. கடைசியில் ஒரு நாள் மலையில் கூடையோடு சாய்ந்து விழுந்தார். மலையில் மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையாவே லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

டவுன் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் குறைந்துவிட்டது என்று சொல்லி இரண்டு பைண்ட் ஏற்றினார்கள். எங்கோ உள்ளே கசிகிறது, கமெரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்தால்தான் எங்கே என்று தெரியும் என்றார்கள். ஐந்து வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமைக்குத் திகதி கிடைத்தது. தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ் ஒருவர் என்னைத் தனியாக நிறுத்திச் சொன்னார். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், விடிந்தபிறகு தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. வயிற்றில் ஏதாவது கிடந்தால் கமெராவில் ஒன்றும் தெரியாது என்பதோடு போகாது. குழாய் இறங்கும்போது குமட்டி மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்றார். வீட்டுக்கு வந்து இதை மதினிக்கு ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னேன். தீ மிதிக்கப் பதினைந்து நாள் ஒருவேளைச் சோற்றோடு கிடந்தவளுக்கு நீ பட்டினியைப் பற்றிப் பாடம் எடுக்கிறாயா என்று என்னைத் துரத்திவிட்டார்.

அந்த ஐந்து வாரமும் லயத்தில் ஆளாளுக்கு டொக்டர் ஆனார்கள். குடலை வெளியே எடுத்துக் கழுவிவிட்டு மறுபடி வைப்பார்களாம். தேயிலைக்கு மருந்தடிக்கிற குழாய் அளவு இருக்குமாம். ஒரு கிழவர் அதற்குப் பிறகு பேச்சே வராது என்றார். அதற்கு என் வீட்டுக்காரர், அப்படியென்றால் உடனே கொண்டுபோகலாம் என்று சொல்லி அக்காவிடம் கரண்டியால் அடி வாங்கினார். நான் சுண்டுவிரலைக் காட்டி இவ்வளவுதான் மதினி என்றேன். அவர் என் விரலை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது தொண்டைக்குள் போனால் எப்படி இருக்கும் என்று நீ யோசித்தாயா என்று கேட்டார். நான் யோசித்திருக்கவில்லை.

போவதற்கு ஒரே நிபந்தனை வைத்தார். முதலில் மாரியம்மன் கோயில், அப்புறம்தான் பஸ். அதிலென்ன என்று ஒத்துக்கொண்டேன். வியாழக்கிழமை நாலரை மணிக்கெல்லாம் பூசாரி தம்பையா மதினி பேருக்கு அபிஷேகம் பண்ணி முடித்துவிட்டார். பனியில் கோயில் மணி மட்டும் கேட்டது, ஆள் முகம் தெரியவில்லை. இறம்பொடைச் சந்திக்கு எங்களைக் கொண்டுபோக வேண்டிய ஓட்டோக்காரன் தூங்கிவிட்டான் போல. நான் வெளியே நின்று அவனுக்கு ஃபோன் அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது மதினி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். தீர்த்தம் என்றார். ஒரு சொட்டுத் தீர்த்தத்துக்கு யாரும் அப்படி வாயைத் துடைப்பதில்லை. ஆனால் ஓட்டோ வந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

பஸ் நுவரெலியா ஏற்றத்தில் வளைந்து வளைந்து ஏறும்போது மதினிக்கு ஏப்பம் வந்தது. வாழைப்பழ வாசனை. அதட்டிக் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார், வெட்கமும் படவில்லை. ஒரு டம்ளர் அபிஷேகப் பால், ஒரு கை பஞ்சாமிர்தம்.

"ஆத்தா குடுத்தத வேணாம்னு தள்ளச் சொல்றியா? இன்னைக்குப் போற காரியத்துக்கு அவ மொகத்துல அடிச்ச மாதிரி? அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல வராது புள்ள."

மிஸ் சொன்னதை மறுபடி சொன்னேன். குரலை அடக்கிச் சொல்ல முயன்றும் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மதினி என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த வயதிலும் கொழுந்து பறிக்கிற விரல்களுக்கு என்ன பிடி.

"அங்க போயி நீ வாயத் தொறந்தீன்னா எறங்கி வந்துருவேன். அப்புறம் இந்த ஜென்மத்துல அந்தப் பக்கம் வரமாட்டேன். தம்பி மேல சத்தியம்."

தம்பி மேல் அவர் பொய்ச் சத்தியம் பண்ணியதே இல்லை. ஆஸ்பத்திரி வரும்வரை நான் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தேன். சொன்னால் திரும்பிவிடுவார், பிறகு கடைசிவரை வரமாட்டார். சொல்லாவிட்டால் அந்த மேசையிலேயே ஏதாவது ஆகிவிடலாம். இரண்டிலும் போவது அவர் உயிர், தீர்மானிக்க வேண்டியவள் நான். கோபத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. சாமி மேல் கோபமா, மதினி மேல் கோபமா, ஓட்டோக்காரன் மேலா, எதுவும் சொல்லத் தெரியவில்லை.

கமெரா அறைக்கு வெளியே பெஞ்சில் ஆறு பேர். மதினிக்கு நாலாம் நம்பர். காதில், மூக்கில் கிடந்ததைக் கழற்றச் சொன்னார்கள். கட்டுப்பல் உண்டா, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாக என் மூலம் கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது மதினி கண் இமைக்காமல் நேற்று இரவு எட்டு மணி என்றார். அங்கே இருந்த சிங்கள மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஆம், ஆட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தலையை நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதலாவதாகப் போன பெரியவர் இருபது நிமிடத்தில் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது, நிறுத்தாமல் ஏப்பம் விட்டார். எப்படி என்று கேட்டதற்கு, பயந்த அளவுக்கு இல்லை, ஆனால் ஆசைப்பட்டுப் போகிற இடமும் இல்லை என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது ஆள் போனார். உள்ளிருந்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை, அப்புறம் நீளமாக. வெளியே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த வெறும் வயிற்றுக்காரனுக்கே இப்படி என்றால், ஒரு டம்ளர் பாலோடு போகிறவர் என்ன ஆவார்? மூன்றாவது ஆளும் போய் வந்தாயிற்று.

மதினி பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து செருப்பைக் கழற்றினார். தொண்டை மரக்க அடிக்கிற மருந்துப் போத்தலோடு மிஸ் வாசலிலேயே நின்றார். வாயைத் திறக்கச் சொன்னார். மதினி திறந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மிஸ், எயா உதே கிரி பிவ்வா."

காலையில் பால் குடித்திருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னால் மதினிக்குச் சட்டென்று புரியாது என்று நினைத்தேன். என்ன மடத்தனம். கடைத்தெருவில் கிரி என்ற சொல் தெரியாதவர்கள் இந்த மலைநாட்டில் யார் இருக்கிறார்கள்? மதினி திறந்த வாயோடு திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மிஸ் போத்தலை இறக்கிவிட்டு எங்கள் இருவரையும் பிடிபிடி என்று பிடித்தார். பிடிக்க வேண்டியதுதான், குழாயை விட்டபிறகு தெரிந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். சத்தம் கேட்டு டொக்டர் வெளியே வந்தார். இளவயது, தெரிந்த தமிழை வைத்து ஒப்பேற்றுகிறவர். பால் எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தார். பால் வயிற்றைவிட்டுப் போக ஆறு மணி நேரமாவது வேண்டும், கடைசி ஆளாகப் பார்க்கலாம், ஆனால் நடுவில் அவசரக் கேஸ் வந்துவிட்டால் இன்றைக்கு இல்லை, வேறு திகதிதான் என்றார்.

அவர் உள்ளே போனதும் மதினி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மாடிப்படிகளில் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கி நின்றபோது எனக்கும் வாய் நிலை தவறியது.

"போங்க மதினி. போயி மலையில கூடையோட விழுந்து சாவுங்க. மாமாவ ஆஸ்பத்திரி கொல்லல. இந்த வீம்புதான் கொன்னுச்சு. ஒங்க தம்பிக்கு ரெண்டாவது தடவையும் கொள்ளி வைக்க வச்சுட்டுப் போங்க."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது எட்டு வயதுப் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவர் இவர். காய்கறி லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. மதினி, ஏதோ சாமானை மறந்துவிட்டு வந்தவர் போலத் திரும்பிப் படியேறத் தொடங்கினார். மேலே போய்ப் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒரு ஆள் இடம் விட்டு நகர்ந்துகொண்டார்.

நேரம் நகரவே இல்லை. பத்தரைக்கு ஒரு அவசரக் கேஸைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள், வாயெல்லாம் ரத்தம். முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கதவு திறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் போய்விட்டு வந்தார்கள். பெஞ்சில் நாங்கள் இருவர் மட்டும். ஒரு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. தமிழ் தெரிந்த மிஸ் அன்றைக்கு லீவு என்பதால் சொல்கிறதைத் தமிழில் சொல்ல என்னையும் உள்ளே வரச் சொன்னார்கள்.

தொண்டையில் மருந்து அடித்தார்கள். கசப்பு என்பது மதினியின் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எச்சில் விழுங்க முடியவில்லை என்று பதறிக் கையை ஆட்டினார். அது அப்படித்தான் இருக்கும், விழுங்காமல் வெளியே வழியவிடுங்கள் என்று சொல்லச் சொன்னார்கள். இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கிடையில் நடுவில் ஓட்டையுள்ள ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கக் கொடுத்தார்கள். குழாயைப் பார்த்தேன். சுண்டுவிரலை விடக் கொஞ்சம் தடிப்பு. நான் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

குழாய் நாக்கைத் தாண்டியதும் மதினி உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. அந்த ஓங்கரிப்பை வெளியே இருந்து கேட்பது வேறு, கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது வேறு. கண்ணில் தண்ணீர் கொட்டியது. குழாயைப் பிடுங்கக் கை எழும்பியது, மிஸ் பிடித்துக்கொண்டார். மூச்சு மூக்கால், மெதுவாக, தொண்டை அடைக்கவில்லை, அப்படித் தோன்றும் என்று டொக்டர் சொல்லச் சொல்ல நான் அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"மூக்கால விடுங்க மதினி. நெதானமா. நான் இங்கதான் நிக்கிறேன்."

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு படிந்தது. உள்ளே காற்று அடித்து வயிற்றை விரித்தார்கள். ஏப்பம் வந்தால் அடக்க வேண்டாம் என்றார்கள். திரையில் வயிற்றின் உள்பக்கம் தெரிந்தது, ஈரமும் சிவப்புமாக. பால் இல்லை. நான் அதைத்தான் முதலில் தேடினேன். டொக்டர் மிஸ்ஸோடு ஏதோ பேசிக்கொண்டே குழாயைத் திருப்பினார். வயிறு முடிந்து குடல் தொடங்குகிற இடத்துக்கு வந்தார். பேச்சு நின்றது. குழாயைப் பின்னுக்கு இழுத்து, தண்ணீர் பீய்ச்சி, மறுபடி அதே இடத்துக்கு வந்தார். வெள்ளையாக ஒரு குழி, ஓரம் தடித்து, பக்கத்தில் கறுப்பாகக் காய்ந்த ரத்தம். குழாய்க்குள்ளேயே ஒரு மெல்லிய கம்பியை விட்டு ஆறு இடத்தில் கிள்ளி எடுத்தார். வலிக்காது என்று சொல்லச் சொன்னார். மதினிக்கு அது தெரியவே இல்லை. எனக்கு ஒவ்வொரு கிள்ளலும் தெரிந்தது.

உள்ளே போனதிலிருந்து வெளியே எடுக்கும்வரை கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு நிமிடம். மரப்பு விடும்வரை ஒரு மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்று பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டொக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். புண் இருப்பது வயிற்றின் அடிப்பகுதியில். பாலோடு பார்த்திருந்தால், வேறு ஆபத்து ஒன்றும் வராமல் போயிருந்தாலும், அந்த இடம் மூடிக் கிடந்திருக்கும். சாதாரணப் புண்ணா இல்லையா என்று கிள்ளி எடுத்ததைப் பரிசோதித்த பிறகுதான் சொல்ல முடியும், மூன்று வாரம் ஆகும் என்றார். மதினியிடம் புண் என்று மட்டும் சொன்னேன். அவர் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. வீட்டில், பேச்சே வராது என்று அந்தக் கிழவர் சொன்னது பலித்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மூன்று வாரமும் மதினி என்னோடு பேசவில்லை. கொடுத்த மாத்திரையை விழுங்கினார், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார், முடிந்ததைப் பறித்தார். குழம்பு கொடுத்துவிட்டால் வாங்கிக்கொள்வார், கிண்ணத்தைக் கழுவி என் வாசலில் வைத்துவிட்டுப் போவார். தம்பையா பூசாரியிடம் மட்டும், ஆத்தாதான் என்னைக் கடைசியில் நிற்க வைத்தாள் என்று சொன்னாராம். அப்படியென்றால் நடுவில் நான் எதற்கு அவ்வளவு பாடுபட்டேன் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

ரிப்போர்ட் வாங்குகிற அன்றைக்கு நான் கூப்பிடாமலே பையை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அதே இளவயது டொக்டர் கடதாசியை இரண்டு தடவை படித்தார். தெரிந்த தமிழில் மதினியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். புற்றுநோய்தான். ஆனால் தொடக்கத்திலேயே பிடித்திருக்கிறோம் போலிருக்கிறது. ஸ்கேனில் வேறு இடத்துக்குப் பரவவில்லை என்று தெரிந்தால் வயிற்றில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம், ஆள் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. விட்டிருந்தால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து வந்திருப்பீர்கள், அப்போது நான் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார்.

மதினி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மூன்று வாரத்துக்குப் பின் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"அன்னைக்கு நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா, ஒண்ணுமில்லன்னு அனுப்பியிருப்பாங்க. நானும் ரெண்டு வருசம் நிம்மதியா இருந்திருப்பேன்."

ஆறுதலாகச் சொல்ல ஆயிரம் சொற்கள் இருக்கின்றன. எனக்கு வந்தது ஒன்றுதான்.

"ஆமா மதினி. ரெண்டு வருசம்தான்."

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். நான் அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மதினி மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி டொக்டரிடமிருந்து பேனையை வாங்கினார். ஸ்கேனுக்கும் ஒப்பரேஷனுக்குமான சம்மதக் கடதாசியில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தார். முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சொன்னா பயந்துருவான்."

என் கண்ணைத் துடைக்கச் சொல்லித் தன் முந்தானையை என் கையில் வைத்தார்.